எஃகுக் குழாய்ல ஓடுற கோட் எச்.டி.பி.இ குழாய்ல வெடிக்குது. வாட்டர் ஹேமர் தெரிஞ்சவங்க உதவுங்க

குழாய்க்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எம்.டெக் ப்ராஜெக்ட் இது. கைடு ஊர்ல இல்ல, அதான் இங்க வந்து நிக்கிறேன்.

வேலை இதுதான். தண்ணி ஓடுற குழாய்ல வால்வை சட்டுன்னு மூடினா ஒரு அழுத்த அலை கிளம்பும், அதான் வாட்டர் ஹேமர். அது போற வழியில குழாய்ச் சுவர் விரியும், விரியறதால அலை வேகம் குறையும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடணும். தண்ணிய அமுக்கத்தக்க பாய்மமா எடுத்து ஃபைனைட் வால்யூம் கோட் (தண்ணியைச் சின்னச் சின்ன செல்லாப் பிரிச்சுத் தீர்க்கறது) எழுதியிருக்கேன், இம்ப்ளிசிட். நிலைச் சமன்பாடு (அழுத்தத்தையும் அடர்த்தியையும் இணைக்கிறது) ஸ்டிஃபன்ட் கேஸ்: காமா 4.4, பி-இன்ஃபினிட்டி 600 மெகாபாஸ்கல். நிறைய பேப்பர்ல இதுதான் இருக்கு. சுவருக்கு ஷெல் எலிமென்ட், அதாவது மெல்லிசுத் தகடா எடுக்கறது. ஒவ்வொரு டைம் ஸ்டெப்லயும் சுவரோட வேகத்தைத் தண்ணிக்குக் கொடுக்கிறேன், தண்ணி திருப்பித் தர்ற அழுத்தத்தைச் சுவர்மேல போடறேன், அடுத்த ஸ்டெப்புக்குப் போயிடறேன். டைம் ஸ்டெப் 20 மைக்ரோ செகண்ட்.

இரண்டு சிக்கல்.

ஒண்ணு: எஃகுக் குழாய், விட்டம் 300 மி.மீ, சுவர் 6 மி.மீ, முனைகள் அச்சுத் திசையில ஃப்ரீ. கோட் நல்லாவே ஓடுது. ஆனா அலை வேகம் 1260 மீ/வி வருது. கையில போட்டா 1190.

இரண்டு: அதே கோட், 110 மி.மீ எச்.டி.பி.இ (பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) குழாய், சுவர் 10 மி.மீ. சில ஸ்டெப்லயே அழுத்தம் ஒரு செல்லுக்கு ஒரு செல் பிளஸ் மைனஸா மாறி மாறி ஏறி வெடிச்சுடுது. ஹாஸ்டல்ல சீனியர் ஒருத்தர், "டைம் ஸ்டெப்பைக் குறைக்காதே, குறைச்சா இன்னும் சீக்கிரம் வெடிக்கும்"னார். அவர் ரத்தக் குழாய் சிமுலேஷன் பண்றவர். அது நிஜமா?

---

பம்ப்ஹவுஸ்

தம்பி, முதல்ல ஒரு கேள்வி. இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கோட்? குடிநீர்த் திட்டத்துல பம்பிங் மெயினுக்கு நாங்க முப்பது வருஷமா ஒரே கணக்குதான் போடறோம். அடர்த்தி பெருக்கல் அலை வேகம் பெருக்கல் வேக மாற்றம். எஃகுல வினாடிக்கு 2 மீட்டர் ஓடற தண்ணி சட்டுன்னு நின்னா 24 பார் கிட்ட ஏறும். உங்க எச்.டி.பி.இ-ல 6 பார் சொச்சம். அதுக்குத் தகுந்த மாதிரி சர்ஜ் வெசல் (அழுத்த ஏற்றத்தை வாங்கிக்கிற தொட்டி), ஏர் வால்வு. முடிஞ்சது கதை.

எங்க பயமே வால்வு மூடறது இல்ல, கரண்ட் போறதுதான். பம்பு நின்ன நிமிஷம் முதல்ல போறது இறக்க அலை. மேடான இடத்துல அழுத்தம் ஆவி அழுத்தத்துக்குக் கீழ போய் தண்ணித் தூண் ரெண்டா பிரியும். திரும்பி வந்து மோதும்போதுதான் குழாய் போகும்.

---

இடைமுகி

குழாய்க்காரன், உங்கள் இரண்டு சிக்கலுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை. தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலாவது சுலபம். ஸ்டிஃபன்ட் கேஸில் ஒலி வேகத்தின் வர்க்கம் என்பது காமா × (அழுத்தம் + பி-இன்ஃபினிட்டி) ÷ அடர்த்தி. உங்கள் எண்களைப் போடுங்கள்: 4.4 × 600 மெகாபாஸ்கல் ÷ 1000. வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 1625 மீ/வி. 20 டிகிரியில் உண்மையான தண்ணீரில் ஒலி வேகம் 1481-தான். அந்த எண்கள் நீருக்கடி வெடிப்பு போன்ற பலத்த அதிர்ச்சி அலைகளுக்காகப் பொருத்தப்பட்டவை. உங்களுக்கு வரும் 25 பார் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. காமாவை அப்படியே வைத்துக்கொண்டு பி-இன்ஃபினிட்டியை 497 மெகாபாஸ்கலாக இறக்குங்கள், 1481 வந்துவிடும். அல்லது டெய்ட் என்ற எளிய நிலைச் சமன்பாட்டுக்கு மாறுங்கள். வெப்பநிலையைப் பற்றிக் கவலைப்படாத கணக்குக்கு அதுவே போதும்.

10 சதவீதம் தவறான தண்ணீர் உங்களுக்கு ஏன் 6 சதவீதம் மட்டும் தவறான அலையைத் தந்தது என்றும் பாருங்கள். கோர்ட்டவேக் 1878-ல் தந்த சூத்திரப்படி, குழாய்க்குள் அலை வேகம் = தண்ணீரின் ஒலி வேகம் ÷ வர்க்கமூலம் (1 + பருமக் குணகம் × விட்டம் ÷ (யங் குணகம் × சுவர்த் தடிமன்)). பருமக் குணகம் தண்ணீரின் விறைப்பு, யங் குணகம் சுவர்ப் பொருளின் விறைப்பு. தண்ணீரை விறைப்பாக்கினால் மேலே இருப்பதும் கூடுகிறது, கீழே இருப்பதும் கூடுகிறது. சுவர் கொஞ்சம் மூடி மறைத்துவிட்டது. எச்.டி.பி.இ-யில் கிட்டத்தட்ட முழுதாகவே மறைத்துவிடும். அங்கே தண்ணீரின் அமுக்கத்தைவிடச் சுவரின் விரிவு இருபது மடங்கு பெரியது, அதனால் தண்ணீரின் நிலைச் சமன்பாட்டில் என்ன எழுதினாலும் விடை அசையாது.

இரண்டாவதுக்குப் பிறகு வருகிறேன், வகுப்பு இருக்கிறது.

---

சிறகதிர்வு

ஏரோஎலாஸ்டிசிட்டி (காத்தோட்டத்துல இறக்கை, தகடு அதிர்றது) பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை. ஒரு ஸ்டெப்புக்கு ஒரு தடவை பரிமாறிக்கிற இந்த லூஸ் கப்பிளிங்கைத்தான் நாங்க காலங்காலமா பண்றோம், எதுவும் வெடிக்கறதில்ல. உங்க ஷெல் கோட்ல பக் இருக்கும். தனியா ஒரு அழுத்தம் கொடுத்து வேலிடேட் பண்ணீங்களா?

---

குழாய்க்காரன்

பண்ணேன் சார். காலிக் குழாய்க்குள்ள சீரா அழுத்தம் கொடுத்தா ஹூப் ஸ்ட்ரெஸ் (சுவர்ல சுற்றுவாக்குத் தகைவு) கைக்கணக்கோட ஒட்டிப் போகுது. அதிர்வெண்ணும் சரியா வருது. தண்ணி சேர்ந்தாத்தான் பிரச்சினை.

@இடைமுகி, 497 போட்டுப் பார்த்தேன், 1192 வந்துடுச்சு! நன்றி.

---

இடைமுகி

சிறகதிர்வு சொல்வது காற்றுக்குச் சரி. தண்ணீருக்குப் பொருந்தாது, காரணம் பக் அல்ல.

ஒரு டைம் ஸ்டெப்புக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சுவர் அசைந்த செய்தி தண்ணீருக்குள் ஒலி வேகத்தில்தான் போகும். ஆக அந்த ஒரு ஸ்டெப்பில் சுவரோடு சேர்ந்து அசையும் தண்ணீர், ஒலி வேகம் × டைம் ஸ்டெப் அளவு தடிமனுள்ள ஒரு பட்டைதான். 1481 மீ/வி, 20 மைக்ரோ செகண்ட் என்றால் சுமார் 30 மி.மீ பட்டை. சதுர மீட்டருக்கு 30 கிலோ. இதுதான் சுவரின் தலையில் ஏறும் கூடுதல் நிறை.

இனி சுவர்கள். எஃகு 6 மி.மீ: சதுர மீட்டருக்கு 47 கிலோ. எச்.டி.பி.இ 10 மி.மீ: ஒன்பதரை கிலோ.

உங்கள் திட்டத்தில் சுவர்தான் வேகத்தை முடிவு செய்கிறது, தண்ணீர் அதற்குக் கீழ்ப்படிந்து அழுத்தத்தைப் பதிலாகத் தருகிறது. 47 கிலோ சுவர் 30 கிலோ தண்ணீரை ஓட்டலாம். ஒன்பதரை கிலோ சுவர் 30 கிலோ தண்ணீரை ஓட்டுவது, கைக்குழந்தை தாத்தாவை இழுத்துக்கொண்டு நடப்பது போலத்தான். சுவர் கொஞ்சம் அசைந்தால் அதன் நிறைக்குப் பொருந்தாத பெரிய அழுத்தம் திரும்பி வரும், அது சுவரை எதிர்ப்பக்கம் இன்னும் வேகமாகத் தள்ளும், அடுத்த ஸ்டெப்பில் அதைவிடப் பெரியது. நீங்கள் பார்த்த பிளஸ் மைனஸ் அதுதான். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் பிழை சுமார் இந்த நிறைகளின் விகிதத்தால் பெருக்கப்படும். எஃகில் 0.63, தணிகிறது. எச்.டி.பி.இ-யில் 3.1, வெடிக்கிறது.

காற்றுக்கு இதே கணக்கைப் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 8 கிராம். 2 மி.மீ அலுமினியத் தகடே 5.4 கிலோ. சிறகதிர்வு அவர்களுக்கு ஏன் எதுவும் வெடித்ததில்லை என்பது இப்போது தெரியும்.

---

குழாய்க்காரன்

> ஒலி வேகம் × டைம் ஸ்டெப் அளவு தடிமனுள்ள ஒரு பட்டைதான்

அப்போ டைம் ஸ்டெப்பைக் குறைச்சா பட்டையும் மெலிசாகுமே? சீனியர் சொன்னது அப்போ?

---

இடைமுகி

சீனியர் அவருடைய உலகத்தில் சரியாகத்தான் சொன்னார். ரத்தத்தை அமுக்கமுடியாத பாய்மமாக எடுப்பார்கள், அங்கே ஒலி வேகம் முடிவிலி. எவ்வளவு சின்ன ஸ்டெப் எடுத்தாலும் சுவர் அசைந்த செய்தி அதே கணத்தில் பாய்மம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும், முழு நிறையும் சுவர்மேல் ஏறிவிடும். ஸ்டெப்பைக் குறைத்துப் பயனில்லை என்பதை கௌசின், ஜெர்போ, நோபிலே மூவரும் 2005-ல் ஒரு எளிய மாதிரியில் நிறுவிக் காட்டினார்கள். 2007-ல் ஃபோர்ஸ்டர், வால், ராம் செய்த ஆய்வில் ஸ்டெப் சிறிதாகச் சிறிதாக நிலையின்மை முன்கூட்டியே வரும் என்றும் வந்தது.

அமுக்கத்தக்க பாய்மத்தில் கதை வேறு. கூடுதல் நிறை டைம் ஸ்டெப்புக்கு நேர்விகிதம். இதை வான் புரூமெலன் 2009-ல் இரண்டு வகைப் பாய்மத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். உங்கள் எச்.டி.பி.இ குழாய்க்கு எல்லை சுமார் 6.4 மைக்ரோ செகண்ட், எஃகுக்கு 32. 2 மைக்ரோ செகண்டில் ஓட்டிப் பாருங்கள்.

---

புதுசு_இங்க

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கவும். எனக்குப் புரியாதது ஒண்ணு. பம்ப்ஹவுஸ் ஐயா ஒரு வரிக் கணக்குல முடிச்சிட்டாரு. நீங்க மைக்ரோ செகண்ட்ல போறீங்க. 3 கிலோமீட்டர் குழாய்க்கு இப்படி ஓட்டினா கம்ப்யூட்டர் என்னாகும்? எதுக்குத்தான் இது?

---

பம்ப்ஹவுஸ்

அதையேதான் நானும் கேட்டேன்.

---

இடைமுகி

நியாயமான கேள்வி. 3 கிலோமீட்டர் பம்பிங் மெயினுக்கு முப்பரிமாணத்தில் சுவரையும் தண்ணீரையும் தனித்தனியே தீர்ப்பவர் வீண்வேலை செய்கிறார், இதில் நான் பம்ப்ஹவுஸ் பக்கம்தான்.

அந்த ஒரு வரி எங்கே செல்லும் என்று பாருங்கள். கோர்ட்டவேக் சூத்திரம் சுவருக்கு நிறையே இல்லை, அழுத்தம் ஏறிய கணமே விரிந்துவிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. 300 மி.மீ எஃகுக் குழாய் தானாக மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கும் அதிர்வெண் 5300 ஹெர்ட்ஸுக்கு மேல். மில்லி செகண்டுகளிலோ வினாடிகளிலோ மூடும் வால்வு அதைத் தொடவே தொடாது. ஆகவே சுவரின் விரிவை அலை வேகத்துக்குள் மடித்து வைத்துவிட்டு, ஒருபரிமாணத்தில் (அலை போகும் பாதை வழியே கணக்கிடும்) கேரக்டரிஸ்டிக்ஸ் முறையில் ஓட்டலாம். அழுத்தம், ஓட்ட வேகம், இரண்டே சமன்பாடு.

அடுத்த படி நாலு சமன்பாடு. குழாய் அச்சுத் திசையில் நீள்வதையும் சேர்த்துக்கொள்வது, ஸ்காலாக் 1956-ல் தந்தது. சுவர் குறுக்கே விரிந்தால் பாய்சான் விளைவால் நீளத்தில் சுருங்கும். அந்தச் சுருக்கம் எஃகுக்குள் வினாடிக்கு 5000 மீட்டர் வேகத்தில் ஓடும், தண்ணீர் அலையை முந்திக்கொண்டு போய் மறுமுனையில் அழுத்தத்தை லேசாக ஆட்டும். ஸ்காட்லாந்தின் டண்டியில் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். நீர் நிரப்பி இருமுனையும் அடைத்த எஃகுக் குழாயைக் கம்பிகளில் தொங்கவிட்டு, ஒரு முனையில் எஃகுத் தடியால் இடிப்பார்கள். வால்வு இல்லை, ஓட்டம் இல்லை, உராய்வுத் தகராறு இல்லை. சுத்தமான பரிசோதனை.

பம்ப்ஹவுஸ், உங்கள் வரி கைவிடும் இடம் முழங்கை வளைவு. வளைவைச் சரியாகக் கட்டாமல் விட்டால் அழுத்தம் வளைவைத் தள்ளும், வளைவு நகர்ந்து தண்ணீரைப் பம்பு செய்யும். அப்போது உச்ச அழுத்தம் அந்த ஒருவரிக் கணக்கைத் தாண்டியும் போகலாம். அதை மேல்வரம்பு என்று நம்பி டிசைன் செய்தவருக்கு அங்கே பாதுகாப்பு இல்லை.

---

பம்ப்ஹவுஸ்

வளைவு விஷயம் கரெக்ட். வளைவைப் பிடிச்சு நிறுத்துற த்ரஸ்ட் பிளாக்ல சிமெண்டை மிச்சம் பிடிச்ச வேலைகளை நான் பார்த்திருக்கேன், அந்த வயித்தெரிச்சலை இங்க கொட்ட வேணாம்.

வேணும்னா ஊர் அறிஞ்ச ஒண்ணு சொல்றேன். 1950-ல ஜப்பான் ஓய்காவா நீர்மின் நிலையம். பராமரிப்பு நேரத்துல வால்வு சட்டுன்னு மூடிக்கிச்சு. பென்ஸ்டாக் (டர்பைனுக்குத் தண்ணி கொண்டுபோற குழாய்) ஒரு இடத்துல அதிக அழுத்தத்துல கிழிஞ்சது. கிழிஞ்ச வழியா தண்ணி வெளிய பாய, மேல இருந்த பகுதிக்குள்ள வெற்றிடம் வந்து வெளிக்காத்து அழுத்தத்துலயே குழாய் நசுங்கிடுச்சு. மூணு பேர் இறந்தாங்க. ஒரே விபத்துல ஒரு பக்கம் வெடிப்பு, ஒரு பக்கம் நசுங்கல். குழாய் உள்ளிருந்து வர்ற அழுத்தத்தைத் தாங்கும், வெளியிலிருந்து வந்தா மெல்லிசுக் குழாய் தாங்காது.

இன்னொண்ணும் கவனிங்க தம்பி. உங்க தண்ணியில காத்து எவ்வளவு? சுத்தமான தண்ணி லேப்லதான். கொள்ளளவுல ஆயிரத்துல ஒரு பங்கு காத்துக் குமிழி இருந்தாப் போதும், சாதாரண வளிமண்டல அழுத்தத்துல உங்க எஃகுக் குழாயோட 1190 மடார்னு 306-க்கு இறங்கிடும். எஃகு வாங்கின காசுக்குப் பிளாஸ்டிக் குழாய் வேகம். அதே காத்து 10 பார்ல அமுங்கிச் சுருங்கிடும், வேகம் திரும்ப 1100-க்கு மேல ஏறிடும். அதனால மேட்டுல ஒரு வேகம், பம்பு பக்கத்துல ஒரு வேகம். சுவரோட யங் குணகத்தை மூணாவது தசமம் வரைக்கும் பார்க்கிற ஆளுங்க இதை மறந்துடறாங்க.

---

கணக்கு_வாத்தியார்

சிறு திருத்தம். பம்ப்ஹவுஸ் சொன்ன ஒருவரிச் சூத்திரத்தை எல்லோரும் ஜூகோவ்ஸ்கி பெயரில் சொல்கிறார்கள். மாஸ்கோ அலெக்ஸெயெவ் நீரேற்று நிலையத்தில் 1897-98-ல் அவர் செய்த பரிசோதனைகள் பெரியவைதான். ஆனால் அதே சூத்திரத்தை யோகன்னஸ் ஃபான் கிரீஸ் என்ற உடலியல் அறிஞர் 1883-லேயே நாடித்துடிப்பு ஆய்வில் எழுதிவிட்டார், ரப்பர் குழாயில் சோதித்தும் காட்டினார். நாடித்துடிப்பு அலையின் வேகத்துக்கு இன்றும் மோன்ஸ்–கோர்ட்டவேக் சூத்திரம் என்று பெயர். மேலே உள்ள சூத்திரத்தில் தண்ணீரின் அமுக்கத்தை விட்டுவிட்டால் வருவது அதுதான். தமனியில் வினாடிக்கு 5 முதல் 10 மீட்டர்.

---

சிறகதிர்வு

ஜூகோவ்ஸ்கி எங்க ஆளும்தான், இறக்கை லிஃப்ட் சூத்திரத்துல அவர் பேர் இருக்கு! சுவாரஸ்யம் என்னன்னா, சூப்பர்சானிக் பேனல் ஃப்ளட்டருக்கு (ஒலியை மிஞ்சின காத்தோட்டத்துல தகடு தானா அதிர ஆரம்பிக்கிறது) நாங்க வெச்சிருக்கிற பிஸ்டன் தியரியோட முதல் உறுப்பு, அச்சு அசல் வாட்டர் ஹேமர் சூத்திரம். லைட்ஹில் 1953-லயும், ஆஷ்லியும் ஸர்தாரியனும் 1956-லயும் எழுதினாங்க. தகடு மேல அழுத்தம் = அடர்த்தி × ஒலி வேகம் × தகட்டுக்குச் செங்குத்தா காத்து தள்ளப்படற வேகம். அந்த வேகத்துல இரண்டு பங்கு: தகடு தானே அசையறது ஒண்ணு, தகடு சாய்ஞ்சிருக்கிறதால ஓட்டம் அதுல ஏறி இறங்கறது இன்னொண்ணு. முதல் பங்கு அதிர்வைத் தணிக்கும். இரண்டாவதுதான் வில்லன், ஓட்டத்துல இருந்து சக்தியை உறிஞ்சித் தகட்டுக்குக் கொடுக்கும். குழாய்ல நிக்கிற தண்ணிக்கு அந்த இரண்டாவது பங்கு கிட்டத்தட்ட கிடையாது.

இடைமுகி சொன்ன 8 கிராம் கணக்கை ஒத்துக்கிறேன், ஆனா லூஸ் கப்பிளிங் வெடிக்கலேங்கறதால சரின்னு ஆகிடாது. பரிமாற்றத்துல ஒரு ஸ்டெப் தாமதம் இருக்கு. அது ஒவ்வொரு சுழற்சியிலயும் இல்லாத சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்க்கும், இல்ல திருடும். ஃப்ளட்டர்ல நாங்க தேடறதே தணிப்பு பூஜ்யமாகிற புள்ளி. அங்க ஒரு சதவீதம் பொய்ச் சக்தி வந்தாலும் எல்லை நகர்ந்துடும். அதுக்காகத்தான் சுவர் எங்க இருக்கும்னு முன்கூட்டியே ஊகிக்கிற பிரெடிக்டர் எல்லாம். மெஷ் நகர்ற ஏ.எல்.இ கோட்னா இன்னொரு சோதனையும் கட்டாயம்: சீரான ஓட்டத்தை வெச்சு மெஷ்ஷை மட்டும் கன்னாபின்னான்னு ஆட்டுங்க. ஓட்டம் சீராவே இருக்கணும். கலைஞ்சா செல் கொள்ளளவு மாறுறதும் பக்கங்கள் நகர்றதும் ஒத்துப் போகலேன்னு அர்த்தம்.

---

குழாய்க்காரன்

2 மைக்ரோ செகண்ட்ல ஓடிடுச்சு! 5-லயும் ஓடுது, ஆனா அலை முகப்புல சிலுசிலுன்னு ஆட்டம் இருக்கு. 20-லயே ஓட்ட வழி இருக்கா? நேரம் ரொம்ப இழுக்குது. ஒரே ஸ்டெப்ல திரும்பத் திரும்ப பரிமாறிக்கிட்டா?

---

இடைமுகி

வெறுமனே திரும்பத் திரும்பப் பரிமாறினால் அதே 3.1-தான் ஒவ்வொரு சுற்றிலும் பெருக்கும். தணிப்புக் குணகம் போட வேண்டும் (ஒவ்வொரு சுற்றிலும் திருத்தத்தில் ஒரு பங்கை மட்டும் ஏற்பது), ஐட்கன் முறையில் அதைத் தானாகவே சரிசெய்துகொள்ளலாம். சொந்தக் கோட் எழுதாமல் இரண்டு சால்வர்களை இணைப்பவர்களுக்கு ப்ரீசைஸ் (preCICE) என்ற மென்பொருள் நூலகத்தில் இதுவும் இதைவிட நல்ல குவாசி-நியூட்டன் முறைகளும் தயாராக இருக்கின்றன.

உங்களுக்கு நான் சொல்வது வேறு வழி. யார் ஆணையிடுவது என்ற சண்டையையே விட்டுவிடுங்கள். இடைமுகத்தின் (சுவரும் தண்ணீரும் தொடும் இடத்தின்) வேகத்தை இரண்டு பக்கத்தின் இம்பீடன்ஸையும் (அசைவுக்குக் காட்டும் எதிர்ப்பையும்) எடையாக வைத்துத் தீர்மானியுங்கள். தண்ணீரின் இம்பீடன்ஸ் அடர்த்தி × ஒலி வேகம், 14.8 லட்சம். ஒரு ஸ்டெப்பில் சுவரின் இம்பீடன்ஸ் சதுர மீட்டர் நிறை ÷ டைம் ஸ்டெப். எஃகுக்கு 23.5 லட்சம், எச்.டி.பி.இ-க்கு 4.75 லட்சம். சுவர் மட்டும் போனால் அடையும் வேகத்தை அதன் எடையால் பெருக்கி, தண்ணீர் சொல்லும் வேகத்தை அதன் எடையால் பெருக்கி, இரண்டு பக்க அழுத்த வித்தியாசத்தையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்துவிடுங்கள். கனமானவர் சொல்வதே அதிகம் எடுபடும், லேசானவர் தானாகவே அடங்குவார். சுவர் எவ்வளவு லேசானாலும் நிலைகுலையாது. பாங்க்ஸ், ஹென்ஷா குழுவினர் இதைக் கணிதமாக முழுதும் அலசியிருக்கிறார்கள். கோட்டில் நீங்கள் மாற்ற வேண்டியது எல்லை நிபந்தனை எழுதியிருக்கும் அந்த ஒரு சப்ரூட்டீன்தான்.

---

குழாய்க்காரன்

போட்டாச்சு. 20-லயே ஓடுது, அலை முகப்பும் சுத்தமா இருக்கு. ஒரே ஒரு நெருடல். எச்.டி.பி.இ-க்கு யங் குணகம் 1 கிகாபாஸ்கல், சராசரி விட்டம் 100 மி.மீ. கையில 310 வருது, கோட்ல 345. பி-இன்ஃபினிட்டியைத் தொடல. இந்தத் தடவை இரண்டு முனையையும் அச்சுத் திசையில பூட்டியிருந்தேன், அதுவா?

---

இடைமுகி

அதுவேதான். நீளவாக்கில் சுருங்க விடாவிட்டால் சுவர் விறைப்பாக நடந்துகொள்ளும். சூத்திரத்தில் சுவர் உறுப்பை (1 − பாய்சான் விகிதத்தின் வர்க்கம்) ஆல் பெருக்குங்கள். எச்.டி.பி.இ-க்கு 0.46 எடுத்தால் 0.79. அலை வேகம் 346. எஃகிலும் பூட்டினால் 1190 இருந்து 1210 ஆகும், விகிதம் 0.3 என்பதால் வித்தியாசம் சின்னது.

---

பம்ப்ஹவுஸ்

கோட் ஓடிடுச்சுன்னு இதோட ரிப்போர்ட் எழுதிடாதீங்க தம்பி. எச்.டி.பி.இ மீட்சிப் பொருளே இல்ல. அழுத்தம் போட்டா உடனே கொஞ்சம் விரியும், அப்புறமும் மெதுவா விரிஞ்சுக்கிட்டே இருக்கும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில 277 மீட்டர் பாலிஎத்திலீன் குழாய்ல பண்ண பரிசோதனை 2004, 2005-ல வந்துச்சு. அளந்த வரைபடத்துல முதல் உச்சம் மீட்சிக் கணக்கோட ஓரளவு ஒத்துப் போகும், இரண்டாவது மூணாவது உச்சமெல்லாம் சீக்கிரம் தேஞ்சு, தாமதமாவும் வரும். உராய்வைக் கூட்டி அதைச் சரிகட்டப் பார்க்காதீங்க, தாமதம் ஒத்துவராது. ஷெல்லுக்கு கெல்வின்–வாய்ட் மாதிரியை (ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்த ஜோடி) வரிசையாச் சேர்த்து, க்ரீப் (மெதுவா விரியறது) டேட்டாவை உங்க குழாய்த் துண்டுலயே எடுங்க. கேட்லாக்ல போட்டிருக்கிறது அம்பது வருஷத்துக்கான யங் குணகம். அதைப் போட்டா அலை வேகம் ரொம்பக் கம்மியா வரும், டிசைன்ல அழுத்தத்தைக் குறைச்சு மதிப்பிட்டுடுவீங்க.

---

குழாய்க்காரன்

க்ரீப் டெஸ்ட்டுக்கு லேப்ல துண்டு கேட்டிருக்கேன் ஐயா. தண்ணி தொட்டி 25 டிகிரியில இருக்கு, ஏ.சி ரூம்ல 20. எதுல எடுக்கட்டும்?

---

பம்ப்ஹவுஸ்

தண்ணி எந்தச் சூட்டுல ஓடுமோ அதுல. அஞ்சு டிகிரி பிளாஸ்டிக்குக்குப் பெரிய வித்தியாசம்.